ஆரணிப் போர்களும் குதிரைகளும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் இவ்வூரை ஒட்டி இரண்டு போர்கள் நடந்தன. முதலாவது 1751 டிசம்பர் 3 அன்று ராபர்ட் கிளைவுக்கும் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்புக்கும் இடையில் நடந்தது. இரண்டாவது 1782 ஜூன் 2 அன்று ஐர் கூட்டுக்கும் ஹைதர் அலிக்கும் இடையில் நடந்தது. வரலாற்று நூல்கள் இரண்டையும் ஆங்கிலேயரின் வெற்றிகளாகவே குறிக்கின்றன. குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. குதிரை யாருடைய சொத்து, அதற்கு அன்றாடம் தீனி போடுவது யார் என்ற இரு கேள்விகள்தான் இப்போர்களின் போக்கையும் அவற்றுக்குப் பின் நடந்தவற்றையும் பெருமளவு தீர்மானித்தன.

1751: கொள்ளைக்காக வந்த குதிரைகள்

ஆர்க்காட்டுக் கோட்டையில் கிளைவ் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, குத்தியின் மராட்டியத் தலைவர் முராரி ராவ் 6,000 குதிரை வீரர்களுடன் ஆர்க்காட்டுக்கு மேற்கே சுமார் 30 மைல் தொலைவில் மலையடிவாரத்தில் பாளையம் இறங்கியிருந்தார். முகமது அலியின் சார்பில் போரிட ஒப்புக்கொண்டு வந்தவர் அவர். பணம் எவ்வளவு, யார் தருவது என்பது முடிவாகாததால் நகராமல் இருந்தார். முற்றுகை தளராமல் தாக்குப்பிடிக்கப்பட்டதைக் கண்ட பின்னரே உதவிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

முற்றுகை நீங்கிய பிறகு அவருடைய உறவினர் பாசின் ராவ் ஒரு பிரிவுடன் வேலூர்ப் பக்கம் வந்தார். கிளைவுடன் சேர்ந்து பகைவரைத் துரத்துவதைவிட ஊர்களைக் கொள்ளையிடுவதே அவருக்கு ஏற்றதாகப் பட்டது. புதுச்சேரியிலிருந்து வரும் பிரெஞ்சுத் துணைப்படை ராஜா சாகிப்புக்காக ஒரு லட்சம் ரூபாய் கொண்டுவருகிறது, அது ஆரணியில் அவருடன் சேரப் போகிறது என்ற செய்தி எட்டியதும் நிலைமை மாறியது. அப்போதும் 600 பேர்தான் கிளைவுடன் வந்தார்கள். மற்றவர்கள் கொள்ளையைவிட்டு வரவில்லை.

கிளைவிடம் 200 ஐரோப்பியர்களும் 700 சிப்பாய்களும் இருந்தனர். எதிர்த் தரப்பில் 300 ஐரோப்பியர், 2,500 சிப்பாய்கள், 2,000 குதிரை வீரர்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் கிளைவ் தோற்றிருக்க வேண்டும். அவர் முன்புறம் சேற்று வயல்கள் விரிந்த ஓர் இடத்தைப் பிடித்தார். டிசம்பர் மாதம், மழை ஓய்ந்து நெல் வயல்களில் தண்ணீர் நின்ற காலம். பகைவரின் பீரங்கிகளும் படையும் வரப்பைப் போன்ற ஒரு குறுகிய பாதை வழியாகத்தான் அணுக முடிந்தது. தொண்டை மண்டலத்து நெல்வயலில் குதிரைக்கு வேலையில்லை. நனைந்த கழனியில் முழங்கால்வரை இறங்கிய குதிரை ஓடவும் முடியாது, திரும்பவும் முடியாது. எதிரியின் 2,000 குதிரைகளும் அன்று பயன்படாமல் போனதற்கு அந்தத் தண்ணீர் ஒரு முக்கியக் காரணம்.

பகைவர் பின்வாங்கத் தொடங்கிய பிறகே மராட்டியர்களின் நேரம் வந்தது. துரத்திச் சென்றவர்கள் 400 குதிரைகளையும் ராஜா சாகிப்பின் படைப் பெட்டியிலிருந்த ஒரு லட்சம் ரூபாயையும் கைப்பற்றினார்கள். 600 பேர் 400 குதிரைகளுடன் திரும்புவது சாதாரண ஆதாயமல்ல. ஆரணிக் கோட்டையின் கில்லேதாரும் கிளைவ் கேட்டதற்கு இணங்க, ராஜா சாகிப் விட்டுச்சென்ற ஒரு யானையையும் 15 குதிரைகளையும் மூட்டைமுடிச்சுகளையும் ஒப்படைத்து, முகமது அலிக்கு விசுவாசம் தெரிவித்தார்.

சிலேதாரும் பார்கீரும்

ஆங்கிலேய எழுத்தாளர்கள் இந்த மராட்டியர்களைப் பேராசைக்காரர்கள் என்றும் நம்பத் தகாதவர்கள் என்றும் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அவர்கள் குதிரை வைத்திருந்த முறையில் இருந்தது.

மராட்டியப் படையிலும், பின்னர் மைசூர்ப் படையிலும், குதிரை வீரர்கள் இரு வகையினர். அரசு கொடுத்த குதிரையில் ஏறுபவர் பார்கீர். சொந்தக் குதிரை, சொந்த ஆயுதத்துடன் வருபவர் சிலேதார். சிலேதாருக்குக் கிடைத்த சம்பளம் அவருக்கும் குதிரைக்கும் சேர்த்துத்தான். குதிரை செத்தால் வேலை போயிற்று. கூடவே முதலும் போயிற்று. கடன் வாங்கி மாடு வாங்கிய உழவன் அதைப் பள்ளத்தில் இறக்கத் தயங்குவது போலவே, சிலேதாரும் பீரங்கி வாய்க்கு நேரே தன் குதிரையை ஓட்டத் தயங்கினார். அதே சிலேதார் பகைவர் ஓடும்போது காட்டிய வேகம் வேறு யாருக்கும் வராது. அப்போது குதிரைக்கு ஆபத்து குறைவு, கிடைக்கும் குதிரையோ லாபம். ஆரணியில் நடந்தது அதுதான். கோழைத்தனம் என்ற சொல் இங்கே பொருந்தாது.

ஆரணிக்கு இந்த ஏற்பாடு புதிதுமல்ல. 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படையெடுப்பைத் தொடர்ந்து இவ்வூர் வேதாஜி பாஸ்கர் என்ற மராட்டிய அதிகாரியின் பொறுப்பில் வந்தது. 1677இல் சிவாஜி தெற்கே வந்தபோது அவர் சிவாஜியின் பக்கம் சேர்ந்தார். ஆரணி ஜாகீர் அந்தக் குடும்பத்தின் கையில் நீண்டகாலம் தொடர்ந்தது. ஜாகீர் என்பதே ஒரு வகையில் குதிரைக்கான ஏற்பாடு: நிலத்தின் வருவாயை அனுபவிப்பவர், அரசு அழைத்தால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வீரர்களுடன் வர வேண்டும். அந்த வருவாயைக் கட்டியவர்கள் கழனி உழுதவர்களும் தறி நெய்தவர்களும்தான்.

கடல்வழி வந்த செலவு

தமிழ்நாட்டில் குதிரை எப்போதுமே வெளியிலிருந்து வந்த பொருள். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியில் செத்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாகவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் பராமரிப்புத் தெரியாததால் செத்துவிடும் என்று மார்க்கோ போலோ சொல்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடுவதில்லை என்பது அவர் சேர்த்துக்கொள்ளும் குற்றச்சாட்டு. இவ்விருவர் தரும் எண்ணிக்கைகளிலும் மிகை இருக்கலாம். அரசின் பொன் குதிரைக்காகக் கடல் கடந்து போனதில் ஐயமில்லை.

குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து இரவில் மீண்டும் நரிகளானதும் எல்லோரும் அறிந்த திருவிளையாடல். ஆவணி மாதக் காற்றை எதிர்பார்த்துக் கப்பலுக்காகக் காத்திருந்த எந்த அரசின் கருவூல அதிகாரியும் அந்தக் கதையைச் சிரிப்பில்லாமல்தான் கேட்டிருப்பார்.

குதிரை வணிகத்தின் தடம் ராவுத்தர் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ஆரணிக்கு வடக்கே வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிய குதிரைகளின் மேல் வீரர்கள் அமர்ந்திருக்கும் தூண்கள், விஜயநகரக் காலத்தில் குதிரைக்கு இருந்த மதிப்பைக் கல்லில் காட்டுகின்றன.

உள்ளூர்க் குதிரை என்றால் மட்டக் குதிரைதான். மூட்டை சுமக்கும், நெடுந்தூரம் நடக்கும், கிடைத்ததைத் தின்னும். ஆனால் ஆயுதம் தாங்கிய ஆளைச் சுமந்துகொண்டு பாய்ந்து மோத அதன் உயரமும் எடையும் போதாது. வெப்பமும், உண்ணிகளும், கடிக்கும் ஈக்கள் பரப்பும் சுர்ரா என்ற காய்ச்சலும் பெரிய குதிரைகளை வளர்ப்பதைக் கடினமாக்கின. சுர்ராவுக்குக் காரணமான இரத்த ஒட்டுண்ணியை கிரிஃபித் எவான்ஸ் 1880இல்தான் கண்டறிந்தார். அதுவரை குதிரைகள் ஏன் மெலிந்து விழுகின்றன என்றே யாருக்கும் தெரியாது.

கொள்ளும் அருகம்புல்லும்

போர்க்குதிரையை வாங்குவது ஒருநாள் செலவு. தீனி போடுவது ஒவ்வொரு நாளும். தென்னிந்தியப் படைகளில் குதிரையின் முக்கிய உணவு கொள்ளு. வேகவைத்தோ ஊறவைத்தோ கொடுப்பார்கள். இதனுடன் புல், வெயில் காலத்தில் மேலே புல் இருக்காது என்பதால் அருகம்புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, மண் போகத் தட்டி அலசிக் கொடுக்க வேண்டும். இதற்காகச் சென்னைக் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் ஒரு புல் செதுக்குபவரும் இருந்தனர். பல நேரங்களில் குதிரைக்காரரின் மனைவியே புல் செதுக்கினார். 500 குதிரைகள் கொண்ட ஒரு பிரிவு நகர்ந்தால் கூடவே 1,000 பேர் நகர்ந்தார்கள். போர் ஓவியங்களில் இவர்கள் இருப்பதில்லை.

1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது அவரிடம் 28,000 குதிரைகள் இருந்ததாக மைசூர் வரலாற்றை எழுதிய வில்க்ஸ் கணக்கிடுகிறார். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 3 கிலோ கொள்ளு என்று குறைவாக வைத்தாலும் 84 டன் ஆகிறது. ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்கும் என்றால் ஒருநாள் தீனிக்கு மட்டும் 840 மாடுகள் வேண்டும். இத்தனையும் ஊரிலிருந்துதான் வர வேண்டும். பணம் கொடுத்தால் லம்பாடிகள் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொடுக்காத இடத்தில் குதிரை வீரர்களே குதிரையை நிலத்தில் இறக்கினார்கள். வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றுக்கு, வருவது நவாபின் குதிரையா, மராட்டியரின் குதிரையா, மைசூர்க் குதிரையா என்பதில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. விளைச்சல் குதிரையின் வயிற்றுக்குள் போனது, அவ்வளவுதான்.

ஹைதர் இதை ஆயுதமாகவே பயன்படுத்தினார். சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் இருந்த ஊர்களை எரித்து, குடிகளை விரட்டி, பகைவர் குதிரைக்கும் மாட்டுக்கும் எதுவும் கிடைக்காதபடி செய்தார். தன் படைக்கு வேண்டியதைக் கோட்டைகளில் சேமித்தார். ஆரணி அப்படிப்பட்ட ஒரு சேமிப்புக் கோட்டை.

1782: துரத்த முடியாத வெற்றி

1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்ற கூட்டிடம் இருந்த குதிரை வீரர்கள் ஆயிரத்தை எட்டவில்லை. பொள்ளிலூர், சோளிங்கர் எனத் தொடர்ந்து வென்றாலும், ஒவ்வொரு முறையும் ஹைதரின் படை பீரங்கிகளோடு விலகிச் சென்றது. துரத்தக் குதிரை இல்லை, பீரங்கி இழுக்க மாடு போதவில்லை. கூட்டின் கடிதங்கள் முழுக்க இந்தப் புலம்பல்தான்.

1782 மே இறுதியில் அவர் ஆரணியைக் குறிவைத்தார். அங்கிருந்த தானியமும் பொருளும் ஹைதரைப் போருக்கு இழுத்துவரும் என்று எண்ணினார். ஹைதர் வந்தார். ஜூன் 2 அன்று நாள் முழுதும் பீரங்கிச் சண்டை நடந்தது. ஆங்கிலேயருக்குக் கிடைத்தவை, ஆற்று மணலில் சிக்கிய ஒரு பீரங்கியும் 11 வெடிமருந்து வண்டிகளும். இதற்கிடையில் திப்பு ஆரணிக் கோட்டையை அடைந்து, அங்கிருந்த பொருளை அப்புறப்படுத்தி, காவலையும் வலுப்படுத்திவிட்டார். களம் கூட்டுக்கு, களஞ்சியம் ஹைதருக்கு.

முற்றுகையிட உணவு இல்லாத கூட்டின் படை அருகிலேயே சில நாள் நின்றது. ஜூன் 8 அன்று ஹைதர் ஒரு பொறி வைத்தார். ஒட்டகங்களும் மாடுகளும் மேய்வது போல் எதிரில் விடப்பட்டன. அவற்றைக் கண்ட ஆங்கிலேயக் காவல்பிரிவின் குதிரை வீரர்கள் பிடிக்கப் பாய்ந்தார்கள். மறைவிலிருந்த மைசூர்க் குதிரைப்படை அவர்களைச் சூழ்ந்து அழித்தது. மாட்டுக்குப் பஞ்சமான படைக்கு மாட்டையே தூண்டில் இரையாக வைத்த கணக்கு பிசகவில்லை. அம்மாதத்திலேயே கூட் சென்னைக்குத் திரும்பினார். ஹைதர் டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே இறந்தார்.

1784 கலகமும் கம்பெனிக் குதிரையும்

கூட்டிடம் இருந்த சிறு குதிரைப்படையும் பெரும்பாலும் நவாப் முகமது அலியுடையது. நவாப் கடனில் மூழ்கியிருந்தார். சம்பளம் மாதக் கணக்கில் நின்றது. போர்க்காலத்தில் இப்பிரிவுகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டாலும் பழைய பாக்கி தீரவில்லை. 1784இல் ஆரணியில் முகாமிட்டிருந்த குதிரைப் பிரிவுகள் பாக்கியைக் கேட்டுக் கலகம் செய்தன. கம்பெனி அவற்றை அடக்கி, விசுவாசமாக நின்றவர்களைக் கொண்டு புதிய பிரிவுகளை அமைத்தது.

இதற்குப் பின் வந்த சென்னைக் குதிரைப்படையில் சிலேதார் முறைக்கு இடம் தரப்படவில்லை. குதிரை, சேணம், தீனி எல்லாம் கம்பெனியுடையவை, ஏறுபவர் சம்பளக்காரர். அதிகச் செலவு பிடித்த ஏற்பாடு. ஆனால் குதிரை செத்தால் வீரர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை, ஆகவே ‘பாய்’ என்றால் பாய்ந்தார்கள்.

தீனிக் கேள்வி மட்டும் தீரவில்லை. மூன்றாம் மைசூர்ப் போரில் நடுப்படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ராபர்ட் கெல்லி 1790 செப்டம்பரில் ஆரணியில் இறந்தார். அவருக்கான நினைவுத் தூண் ஆரணிக் கோட்டையில் நிற்கிறது. அடுத்த ஆண்டு மே மாதம் காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய், மாடுகள் செத்து, குதிரைகள் ஆளைச் சுமக்க வலுவில்லாமல் போனதால், முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பினார். வழியில் வந்து சேர்ந்த மராட்டியப் படையின் சந்தையில் தானியம் கிடைத்தது, எட்டாத விலைக்கு.

ஆர்க்காட்டை ஒட்டிய ராணிப்பேட்டை குதிரைப்படைப் பாளையமாக வளர்ந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, தீனி தின்று, லாடம் அடித்து, சேணம் போடத் தயாராக இருந்த குதிரைகளுடன் கில்லெஸ்பி அங்கிருந்துதான் புறப்பட்டார். சுமார் 16 மைல் தொலைவு, காலையிலேயே வந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்களின் உயிர் அன்று போனது.

அலையில் நீந்தி வந்தவை

குதிரை வாங்குமிடமும் மாறியது. அரபு, பாரசீகக் குதிரைகளின் விலை ஏறிக்கொண்டே போனதால் 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் சென்னைக்கு வரத் தொடங்கின. அந்நாட்டின் பெயரைக் கொண்டே அவற்றுக்கு வேலர் என்று பெயர் வந்தது. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பலிலிருந்து குதிரைகளைக் கடலில் இறக்கிக் கரைவரை நீந்தவிட்டார்கள். பல வாரம் அசையாமல் நின்று வந்த விலங்கு, முதலில் அலையைத்தான் சந்தித்தது.

அவற்றைப் பழக்கும் இடங்களில் முக்கியமானது ஓசூரை அடுத்த மத்திகிரி. 1824இல் தொடங்கப்பட்ட இந்தப் பண்ணைக்கு 1,600 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. கடற்கரையின் புழுக்கம் இல்லாத மேட்டுநிலம். மைசூர் எல்லை அருகில். திறந்த வெளியில் வளர்ந்த வேலருக்கு மனிதக் கை படுவதே புதிது. முதலில் கையிலிருந்து தின்னப் பழக்க வேண்டும். பிறகு நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுவார்கள். வெறும் சேணம், கடிவாளம், ஆள் என்று ஒவ்வொன்றாக ஏறும். முகத்துக்கு ஒரு கயிறும் பின்னங்காலுக்கு ஒரு கயிறுமாக, அகாடி பிச்சாடி கட்டி வரிசையில் நிற்கப் பழக்குவார்கள். தீனி வேளையில் தொலைவில் துப்பாக்கி சுட்டு, நாளுக்கு நாள் அதை நெருக்கிக் கொண்டுவந்தால், வெடிச்சத்தம் கேட்டால் மிரள்வதற்குப் பதில் குதிரை தீனியை நினைக்கும். இதற்கெல்லாம் ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். தென்னாட்டுக் கூத்துக் கதையில் தேசிங்கு ராஜன் அடங்காத குதிரையை ஒரே மூச்சில் அடக்கிவிடுகிறான். படைக்கு அத்தனை தேசிங்குகள் கிடைக்க மாட்டார்கள்.

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா 1,30,000க்கு மேற்பட்ட குதிரைகளை வெளிநாட்டுக் களங்களுக்கு அனுப்பியது. இந்தியாவின் பிற பகுதிகளில் தொடர்ந்திருந்த சிலேதார் முறை அந்தப் போரில்தான் நொறுங்கியது. சொந்தக் குதிரையைக் கடல் கடந்து இழந்த வீரர், அதே தரத்தில் இன்னொன்றை எங்கே போய் வாங்குவார்? 1921இல் அம்முறை கைவிடப்பட்டது. போருக்கு முன்பே அரசுக் குதிரையில் ஏறிக்கொண்டிருந்தவை பழைய சென்னைப் படையின் 26, 27, 28ஆம் குதிரைப் பிரிவுகள். 1922 சீரமைப்பில் 27ஆம் பிரிவு 16ஆவது லைட் கேவல்ரி ஆனது. ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படையில் தன் தொடக்கத்தைக் காணும் அந்தப் பிரிவு, இரண்டாம் உலகப் போரின்போது குதிரையைவிட்டுக் கவச வண்டிக்கு மாறியது. இன்று இந்திய இராணுவத்தில் டாங்கிப் பிரிவாக இருக்கிறது. மத்திகிரிப் பண்ணை 1924இல் கால்நடைத் துறைக்குக் கைமாறி, ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையாகத் தொடர்கிறது.